இடது கையின் மூன்று விரல்கள் மட்டும் ஏன் வெடிக்கின்றன?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. வீட்டிலேயே சமைத்து ஒரு பெண்கள் விடுதிக்கும் இரண்டு அலுவலகங்களுக்கும் மதியச் சாப்பாடு கொடுக்கிறார். கூடவே பூண்டு ஊறுகாய் போட்டு விற்கிறார். ஒன்றரை ஆண்டாக இரண்டு கைகளும் வறண்டு, சொரசொரத்து, எரிகின்றன. இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் பிளந்து ரத்தம் கசிகிறது. "ரசத்துக்குப் புளி கரைத்தால் உயிர் போகிறது, சேலை மடித்தால் நூல் விரலில் மாட்டுகிறது" என்கிறார்.

முதலில் மருந்துக் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கியிருக்கிறார். மூன்றே நாளில் கை பளபளவென்று ஆகிவிட்டதாம். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பியிருக்கிறது. நான்கு மாதம் இப்படியே விட்டு விட்டுப் போட்டிருக்கிறார். பிறகு கல்லூரியில் படிக்கும் மகள், சருமத்தைச் சீர்செய்யும் பாம் என்று ஒரு குழாயை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். 50 கிராம், 420 ரூபாய். போட்டவுடன் எரிகிறது, வாசனை நன்றாக இருக்கிறது, பலன் ஒன்றும் இல்லை. மாமியார் கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். ரத்தம் சுத்தமாக ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை. இதற்கிடையே விடுதிக் காப்பாளர் கையைப் பார்த்துவிட்டு, "இது ஒட்டுவாரொட்டியா? டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். அதுதான் வாசகியை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. அவருடைய முக்கியக் கேள்விகள் மூன்று: எந்த பாம் வாங்கினால் கை சரியாகும்? உணவில் எதை நிறுத்த வேண்டும்? இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொழிலை விட வேண்டியதில்லை. அதில் ஒரே ஒரு வேலையை வேறு கைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். எது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்.

தண்ணீரும் சோப்பும்தான் காரணம் என்றால் இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதில் வலது கைக்குத்தான் வேலை அதிகம். ஆனால் உங்களுக்கு வெடிப்பு இடது கையில், அதுவும் மூன்று விரல் நுனிகளில். நீங்கள் வலது கைப் பழக்கக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். வலது கையில் கத்தி இருக்கும்போது பூண்டுப் பல்லைப் பிடித்திருப்பது எது? இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வாரத்துக்கு ஆறேழு கிலோ மலைப்பூண்டு உரித்து நறுக்குகிறவர் நீங்கள். தோல் மருத்துவர்கள் இந்த மூன்று விரல் அடையாளத்தைப் பார்த்தால் முதலில் பூண்டைப் பற்றித்தான் கேட்பார்கள். சமையல்காரர்களிடம் இது புதிதல்ல.

பூண்டுப் பல் முழுதாக இருக்கும்வரை பெரிய தொல்லை தராது. நறுக்கும்போதும் நசுக்கும்போதும் அதன் செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த பொருள்கள் கலந்து, கந்தகம் சேர்ந்த வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. பூண்டின் காரநெடி அதனால்தான். அல்லிசின், டைஅல்லைல் டைசல்பைடு என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை தோலை இரண்டு வழிகளில் கெடுக்கும். ஒன்று, நேரடி எரிச்சல். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டிவிட்டு நெருப்புச் சுட்டது போலக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது ஒவ்வாமை. பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் உடல் அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் போதும். "இருபது வருடமாகப் பூண்டு உரிக்கிறேன், இப்போது மட்டும் ஏன் வர வேண்டும்?" என்று நீங்கள் நினைக்கலாம். ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அப்படிப் பழகிய பொருளிலிருந்துதான்.

கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது சரியல்ல. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு கைகளிலும் பரவலாக இருக்கும் வறட்சிக்கு ஈரமும் சோப்பும் காரணமாக இருக்கலாம்; மூன்று விரல் வெடிப்புக்குப் பூண்டு காரணமாக இருக்கலாம். இரண்டும் ஒரே கையில் சேர்ந்து இருப்பது சாதாரணம். சிறுவயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் முக்கியம். அப்படிப்பட்ட தோல் பிறவியிலேயே சற்று இளகியது. மற்றவர்கள் தாங்குகிற ஈரத்தை அது தாங்காது.

பாம் என்ன செய்யும், என்ன செய்யாது

தோலின் மேல்படலத்தில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை பூசிவைத்தது போல நிற்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலிருக்கும் சோப்பு உள்ளே போகாமலும் காப்பது இந்தக் கொழுப்புப் பூச்சுதான். பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சோப்புக்கு உங்கள் விரலின் கொழுப்பும் ஒன்றுதான். போதாததற்கு, தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் கட்டிச் சோப்போ காரத்தன்மை உடையது, அதன் பிஎச் 9 முதல் 10 வரை. ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் கொடுப்பதில்லை. அடுத்த பாத்திரம் வந்துவிடுகிறது.

பாம் இங்கேதான் வருகிறது. பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின், தேன்மெழுகு, ஷியா வெண்ணெய், டைமெதிகோன் போன்றவை தோலின் மேல் படலமாக நின்று ஈரம் ஆவியாவதைக் குறைக்கின்றன. கிளிசரின், பாந்தனால் போன்றவை ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. சில பாம்களில் செராமைடும் சேர்ந்திருக்கும். மழைக்காலத்தில் உடைந்த ஓட்டின் மேல் விரிக்கிற தார்ப்பாய் மாதிரிதான் பாமும்: ஓட்டை மாற்றாது, ஓடு மாற்றுகிறவன் வேலை முடிக்கும்வரை வீட்டைக் காக்கும். ஓடு மாற்றுகிற வேலையை உங்கள் தோலே செய்துகொள்ளும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நடுவில் தினமும் அதன் மேல் பூண்டுச்சாறு விழுந்தால், எந்தக் குழாயில் எது எழுதியிருந்தாலும் பலன் இராது. ‘சீர்செய்யும்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது விற்பனைச் சொல். நோயைக் குணப்படுத்தும் என்ற உத்தரவாதம் அல்ல.

உங்கள் மகள் வாங்கித்தந்த பாமில் தவறு சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. வாசனை. வெடித்த தோலில் வாசனைத் திரவியம் எரியும். நாளடைவில் அதுவே இன்னொரு ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். குழாயின் பின்பக்கத்தில் யூரியா இருக்கிறதா என்றும் பாருங்கள். தடித்த, காய்ந்த தோலுக்கு யூரியா நல்லது. பிளவுக்குள் பட்டால் மிளகாய் பட்டது போல எரியும். கம்பளிக் கொழுப்பான லானோலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ‘இயற்கையானது’, ‘மூலிகை கலந்தது’ என்பதெல்லாம் இந்த விஷயத்தில் பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. உங்கள் கையைப் புண்ணாக்கியிருப்பதாக நான் சந்தேகிப்பது ஓர் இயற்கைப் பொருளைத்தான். இன்னொன்று, பாம் என்றதும் வீட்டிலிருக்கும் தலைவலித் தைலத்தை எடுத்து வெடிப்பில் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்பூரமும் மெந்தாலும் வெடிப்புக்கு மருந்தல்ல. அதைச் செய்யாதீர்கள்.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணுக்கோடு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது ஒரு கையின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் போதுமான அளவு. இரண்டு கைகளுக்கு ஒரு கிராம். நாளைக்கு ஆறு முறை போட்டால் ஆறு கிராம். அப்படியானால் 50 கிராம் குழாய் எட்டு நாளில் தீர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் வந்திருக்கிறது! காலையில் ஒரு முறை, பட்டாணி அளவு, விலை அதிகம் என்று சிக்கனமாகத் தடவியிருக்கிறீர்கள். பிறகு பாத்திரம் கழுவியிருக்கிறீர்கள். அத்தோடு அது போயிற்று.

அதனால்தான் எந்த பாம் என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: தாராளமாகத் தடவ மனம் வருகிற விலையில் உள்ள, வாசனையும் நிறமும் இல்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி. 1872இல் காப்புரிமை பெற்ற பழைய சரக்கு. ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் இன்றைக்கும் அதை மிஞ்சுவது எளிதல்ல. தண்ணீரே கலக்காததால் அதற்குப் பதப்படுத்தும் வேதிப்பொருள் தேவையில்லை, எரிச்சலும் மிகக் குறைவு. பம்ப் வைத்த லோஷன்களில் தண்ணீர்தான் அதிகம். தடவும்போது சுகமாக இருக்கும்; சமையலறைக் கைக்கு அது போதாது. செராமைடு உள்ள வாசனையற்ற பாம் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் 420 ரூபாய்ப் பொருளைக் கஞ்சத்தனமாகப் போடுவதைவிட, மலிவான பொருளை அள்ளிப் போடுவது மேல்.

மெழுகுவத்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பித்தவெடிப்புக்கு நம் வீடுகளில் செய்வதுதான். மெழுகு என்பது பாரஃபின். பாமில் இருப்பதும் அதே குடும்பம். அந்த வகையில் பாட்டியின் வைத்தியம் ஒன்றும் மூடத்தனமல்ல. ஆனால் வண்ணமும் வாசனையும் சேர்த்த மெழுகுவத்தி கூடாது, சூடாக ஊற்றவும் கூடாது. கடையில் சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லி கிடைக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு? தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் சமையல் நேரத்துக்கு அது நல்லது. வறண்ட சருமத்துக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் கொடுத்தன. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பிளந்த தோலில் வேண்டாம்.

போடும் முறை இது. கையைக் கழுவியதும் விரல் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். லேசான ஈரப்பதம் இருக்கும்போதே தடவுங்கள். சமைக்கும் நேரத்தில் ஜெல்லி போட்டால் கத்தி வழுக்கும். அப்போது மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் போதும். மதியச் சாப்பாடு போய்ச் சேர்ந்த பிறகு ஒரு முறை, மாலையில் ஒன்றிரண்டு முறை, படுக்கும்முன் தாராளமாக ஜெல்லி தடவிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். பருத்திக் கையுறை கிடைக்காவிட்டால் பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொள்ளலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆழமான பிளவில் ஜெல்லி வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினால் வலி அன்றிரவே குறையும்.

அந்தக் களிம்பைப் பற்றி

மூன்று நாளில் பளபளப்பு, நிறுத்தினால் பழையபடி. இது ஸ்டீராய்டு கலந்த களிம்பின் சுபாவம். குழாயை எடுத்துப் பாருங்கள். குளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கும். கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று மூன்று நான்கு மருந்துகளைக் கலந்திருப்பார்கள். என்ன நோய் என்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுடுகிற துப்பாக்கி. அதில் நியோமைசின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்து இருந்தால் அதுவே பலருக்கு ஒவ்வாமை தரும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அது நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பயமும் நோயாளிகளுக்குக் கெடுதல் செய்கிறது. உள்ளங்கைத் தோல் தடிமனானது. கைக் கரப்பான் தீவிரமாக இருக்கும்போது வீரியமான ஸ்டீராய்டை இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது சரியான மருத்துவம்தான். காரணத்தைத் தேடாமல், அளவும் காலமும் இல்லாமல், மாதக்கணக்கில் விட்டு விட்டுப் போடுவதுதான் ஆபத்து. தோல் மெலிந்து காகிதம் போலாகும், எளிதில் பிளக்கும். உங்கள் விரல்களின் ‘பளபளப்பு’ என்பது அந்த மெலிவாகவும் இருக்கலாம். அது மட்டுமல்ல, பிரச்சினை பூஞ்சையாக இருந்தால் ஸ்டீராய்டு அதை மறைத்துவைத்து வளர்க்கும். கையில் வரும் படர்தாமரை பல நேரம் ஒரு கையில் மட்டும் வரும், கூடவே இரண்டு பாதங்களிலும் செதில் இருக்கும். உங்கள் பாதங்களை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிட வேலை. இரவில் அரிப்பு அதிகமாகி வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். சொரியாசிஸும் உள்ளங்கையில் இப்படி வெடிக்கும். கடிதம் வழியே நான் மருந்து எழுதாததற்குக் காரணம் இதுதான்.

இனி அந்தக் களிம்பை நீங்களாக வாங்க வேண்டாம். நிறுத்திய ஒரு வாரத்தில் சிவந்து எரியலாம். பயந்து மறுபடி ஓடாதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு வேண்டாத நிலையில் டாக்ரோலிமஸ் போன்ற வேறு களிம்புகளும் இருக்கின்றன. எது உங்களுக்கு என்று அவர் முடிவு செய்வார்.

பூண்டுதானா என்று எப்படி உறுதிசெய்வது?

ஒட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ அந்தப் பொருள் குற்றவாளி. பூண்டோடு, ரப்பர் கையுறையில் இருக்கும் வேதிப்பொருள், நிக்கல், வாசனைத் திரவியம், தலைச்சாயத்தில் உள்ள பொருள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் கேளுங்கள். பூண்டுக்கான பொருள் அவர்களிடம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு குழாய் ரத்தத்தில் நூறு ஒவ்வாமைகளைச் சொல்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். கைக் கரப்பானுக்கு அந்த ரத்தப் பரிசோதனை உதவாது. இது வேறு வகை ஒவ்வாமை. வீட்டிலேயே பூண்டை அரைத்துத் தோலில் ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் அது புண்ணாகும்.

அதுவரை ஒரு எளிய வழி இருக்கிறது. நான்கு வாரத்துக்குப் பச்சைப் பூண்டையும் அதன் உறவான சின்ன வெங்காயத்தையும் உங்கள் கை தொடவே கூடாது. உதவிக்கு வரும் பெண் உரிக்கட்டும், அல்லது உரித்த பூண்டாக வாங்குங்கள், நறுக்குவதை மிக்ஸி செய்யட்டும். இடது விரல்கள் மட்டும் தேறிவருகின்றன என்றால் பாதி விடை கிடைத்தாயிற்று. கையுறை போட்டுக்கொண்டு உரிக்கலாமே என்று தோன்றும். பூண்டின் அந்த வேதிப்பொருள் பெரும்பாலான மெல்லிய கையுறைகளை ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை ஓரளவு தேவலாம் என்றாலும், நம்பி உட்காராதீர்கள். ஊறுகாய் வியாபாரத்தில் வருகிற லாபத்தில் ஒரு பகுதி பூண்டு உரிக்கும் கூலிக்குப் போகும், உண்மைதான். மருந்துக் கடைக்கு இதுவரை போனதையும் கூட்டிப் பாருங்கள்.

மற்ற ஈர வேலைகளுக்குக் கையுறை உதவும். உள்ளே பருத்தி, வெளியே வினைல் அல்லது ரப்பர். ஓட்டை விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே சோப்புத்தண்ணீர் தேங்கிய கையுறை வெறுங்கையைவிட மோசம். ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வியர்வையும் ஈரம்தான். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கிவிடும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் எலுமிச்சைத் தோலும் வைத்துத் துலக்குகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

கத்தரிக்காய், கருவாடு, கெட்ட ரத்தம்

மாமியார் சொன்ன பட்டியல் காலங்காலமாக வருவது. கரப்பான் பண்டம் என்று சொல்லி விலக்கிவைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் அரிப்பு கூடுகிறது என்றால் அதை நிறுத்துவதில் அர்த்தம் உண்டு. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதமாக நிறுத்தியும் கை அப்படியேதான் இருக்கிறது. அவரிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் கருவாட்டைச் சாப்பிடச் சொல்லிவிட்டார், பூண்டு உரிப்பதைத்தான் நிறுத்தச் சொன்னார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். சமைத்த பூண்டைச் சாப்பிடலாமா? விரலில் ஒவ்வாமை உள்ள பெரும்பாலோருக்கு வெந்த பூண்டு தொல்லை தருவதில்லை. சாப்பிட்ட பிறகு உள்ளங்கையில் நீர்க்கொப்புளங்கள் வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் கெட்டதால் இது வரவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற ஊசி என்று மருத்துவத்தில் ஒன்றும் கிடையாது; அந்த ஊசியில் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் இருக்கும். சர்க்கரையும் தைராய்டும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. தைராய்டு குறைந்தால் தோல் வறளும், சர்க்கரை கூடினால் புண் ஆறாது.

விடுதிக் காப்பாளர் கேட்டது

கைக் கரப்பான் ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலோ, நீங்கள் சமைத்ததைச் சாப்பிட்டாலோ யாருக்கும் வராது. இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் கேட்டது அவமானப்படுத்த என்று நினைக்காதீர்கள். நூறு பெண்களின் சாப்பாட்டுக்குப் பொறுப்பில் இருப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். வெடித்த தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதாகக் குடியேறும். அது உணவில் விழுந்து பெருகி நஞ்சு சுரந்தால், பிறகு சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதனால்தான் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள், சிறிய அளவில் உணவுத் தொழில் செய்பவர்களுக்கும், வெட்டுக்காயமும் புண்ணும் எப்போதும் மூடியிருக்க வேண்டும், அப்படிப்பட்டவர் உணவை நேரடியாகத் தொடக்கூடாது என்று சொல்கின்றன.

ஆகவே ரத்தம் கசிகிற நாள்களில் பிளவை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடி, மேலே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோறு பிசைந்து கலப்பது, பரிமாறுவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அந்த நாள்களில் உதவியாளரின் வேலை. அடுப்பும் பக்குவமும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சீழ் வைத்தால், தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், நகக்கண் வீங்கித் தெறித்தால், சிவப்புக் கோடு கைமேல் ஏறினால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆறும்வரை சமையலறைக்குள் போக வேண்டாம்.

தோல் மருத்துவரிடம் போகும்போது களிம்புக் குழாயையும், பாமையும், பாத்திரம் கழுவும் திரவத்தின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கை மோசமாக இருந்த நாளில் எடுத்த புகைப்படம் இருந்தால் காட்டுங்கள், ஏனென்றால் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் கை எப்போதும் நல்ல பிள்ளையாகிவிடும். நோயின் பெயர், அது தொற்றாது என்பது, என்னென்ன முன்னெச்சரிக்கையோடு நீங்கள் வேலை செய்யலாம் என்பது, இந்த மூன்றும் இருக்கும்படி ஒரு சான்றிதழ் கேளுங்கள். அதன் நகல் ஒன்றைக் காப்பாளரிடம் கொடுங்கள், மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கை பார்ப்பதற்கு நன்றாகிவிட்ட பிறகும் உள்ளே காப்புப் படலம் பழைய பலத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் பெட்ரோலியம் ஜெல்லியைப் பரணில் போட்டுவிட்டு மறுபடி என்னிடம் வருகிறார்கள். நான்கு வாரம் கழித்து இடது விரல்கள் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். ஒட்டுச் சோதனை முடிவு வந்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.